பதினான்காம் பக்கத்தில் நான் பேசியது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அங்கே காய்ச்சல் தலைவலி என்று படுக்காமல் இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பேனா போகமாட்டேன் என்கிறது. போனிலேயே பேசிவிடேன் என்றார் அப்பா. போனில் உன்னிடம் நான் ஒரு வாக்கியத்தை முழுதாக முடித்து எத்தனை நாளாயிற்று? நான் வாயெடுத்ததுமே “அம்மா, உனக்குப் புரியல” என்று உள்ளே புகுந்துவிடுகிறாய். கடிதத்துக்குள் புக முடியாது. கடைசி வரி வரைக்கும் படி, அப்புறம் கோபித்துக்கொள். இந்தத் தடவை கோபப்படும் முறை எனக்குத்தான் முதலில்.

வீட்டில் பெரிதாக ஒன்றுமில்லை. அப்பாவின் பள்ளிக்கூட வேனுக்குக் கிளட்ச் போய் மூன்று நாள் பட்டறையில் நின்றது, அந்த மூன்று நாளும் அவர் வீட்டில் இருந்து என் அலமாரியை ஒழுங்குபடுத்துகிறேன் என்று எந்தப் பொருளையும் எனக்குக் கிடைக்காமல் செய்துவிட்டார். வீட்டுக்காரர் மாடிப்படிச் சுவருக்குப் பச்சைச் சாயம் அடித்திருக்கிறார், உரசினால் சட்டையில் ஒட்டுகிறது, படியில் எல்லோரும் நண்டு மாதிரி பக்கவாட்டில் ஏறி இறங்குகிறோம். நெட்டை அத்தையின் வலது கையில் முந்தாநாள் கட்டு மாற்றினார்கள். நான் கூடப் போனேன். சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் அசைகின்றன. நடு விரலும் ஆள்காட்டி விரலும் அசையவில்லை, இனிமேல் அசையாது என்று நர்ஸ் என்னிடம்தான் சொன்னாள், அவளிடம் சொல்லவில்லை. ஆனால் அவள் என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். பதினொரு வருஷம் ஒரே மெஷினில் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஒரே படுக்கை விரிப்பின் இரண்டு மூலையை ஆளுக்கொன்றாகப் பிடித்துத் தேய்ப்பு ரோலருக்குள் விட்டவர்கள் நாங்கள். அவளுக்குத் தும்மல் வருவது எனக்கு முதலில் தெரியும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வெள்ளிக்கிழமை நெட்டையின் விபத்து விசாரணையில் நடந்ததைப் போனில் பாதிதான் சொன்னேன். உன் பதிலைக் கேட்டதும் மீதியைச் சொல்லப் பிடிக்கவில்லை. உன் படக்கதைப் புத்தகத்தைப் பற்றிக் கேட்டால், “அது சாட்சி இல்லம்மா, அது கலை” என்றாய். சரி. கலை என்றே வைத்துக்கொள்வோம். அந்தக் கலைக்குள் நான் இருக்கிறேன், நெட்டை இருக்கிறாள், எங்கள் ரோலர் மெஷின் இருக்கிறது, சலவை ஆலையின் நீராவிக் குழாயில் மூன்றாவது வளைவில் ஒழுகும் சொட்டு வரைக்கும் இருக்கிறது. முதல் பக்கத்தில் உன் கையெழுத்தில் ‘இதில் உள்ள எல்லாம் நான் கண்ணால் கண்டவை’ என்று இருக்கிறது. அதை யார் எழுதச் சொன்னார்கள்?

நீ படக்கதை படிக்கப் போகிறேன் என்றபோது உன் பெரியப்பா என்ன சொன்னார் என்று நினைவிருக்கிறதா? “பொம்மை போடறதுக்கு ஒரு காலேஜு, அதுக்கு ஒரு பட்டம், அதுக்கு ஒரு விமான டிக்கெட்டு” என்றார். அன்றைக்கு நான்தான் அவருக்குப் பதில் சொன்னேன். அவள் கண்ணில் பட்டதை அப்படியே காகிதத்தில் கொண்டுவருகிறாள், அது எத்தனை பேருக்கு வரும் என்று கேட்டேன். அப்படியே என்ற வார்த்தையை நான்தான் சொன்னேன். அதனால்தான் இப்போது இவ்வளவு எரிகிறது.

போன வருஷ விடுமுறையில் நான்கு நாள் எங்கள் ஆலைக்கு வந்து, கதவோரம் அழுக்குத் துணி மூட்டைமேல் உட்கார்ந்து வரைந்தாயே, மூன்றாம் நாள் நடந்ததை நான் உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ரோலருக்கு முன்னால் நீளமாக ஒரு தடுப்புப் பட்டை இருக்கிறது, விரல் பட்டாலே மெஷின் நின்றுவிட வேண்டும், அதற்காகத்தான் அது. ஈரத் துணி உரசினாலும் நின்றுவிடுகிறது, வேலை தாமதமாகிறது என்று, எப்போதும் மணி பார்த்துக்கொண்டே இருப்பதால் நாங்கள் கடிகாரம் என்று பெயர் வைத்திருக்கிற மேற்பார்வையாளர் அந்தப் பட்டையை அசையாதபடி கட்டுக்கம்பி போட்டுக் கட்டினார். அவரே ஸ்டூல்மேல் ஏறி, அவர் கையாலேயே கட்டினார். நான் மெஷினை நிறுத்தினேன். பதினான்கு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நீ பதினைந்தாவது. “கம்பிய அவிழ்த்தாத்தான் மெஷினப் போடுவேன். நாளைக்கு ஒருத்தி கை உள்ள போச்சுன்னா உங்க வாட்ச்சப் பார்த்து எத்தன மணிக்குப் போச்சுன்னு எழுதிக்குவீங்களா?” என்று கேட்டேன். பதினொரு நிமிஷம் மெஷின் நின்றது. கடிகாரம் முகம் சிவந்து, ஸ்டூலில் ஏறி அவிழ்த்தார். நெட்டை என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். அன்று சாயங்காலம் வீட்டில் அந்தக் கறுப்பு அட்டை நோட்டைத் திறந்து, “பாரும்மா, நீ பேசினத ஒரு வார்த்த விடாம எழுதிட்டேன், மணி கூடப் போட்டிருக்கேன்” என்று காட்டினாய். ஸ்டூலில் நின்று அவிழ்க்கிற கடிகாரத்தையும் வரைந்திருந்தாய், பின்பக்கம் தூக்கலாக இருந்தது, அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த வாரமே அந்த ஆள் திரும்பக் கட்டிவிட்டார் என்பதும், நான் இன்னும் இரண்டு தடவை சொன்னேன் என்பதும் வேறு கதை. அதை நீ பார்க்கவில்லை, அதற்கு உன்னைக் குற்றம் சொல்லவில்லை.

பார்த்ததற்கு என்ன செய்தாய்? புத்தகம் தபாலில் வந்த அன்று, நெட்டையின் கை நன்றாக இருந்த நாள் அது, நான்கு பிரதியையும் மேஜைமேல் பரப்பிவைத்துப் பார்த்தோம். பதினான்காம் பக்கத்தில் நான் கடிகாரத்தின் முன்னால் நிற்கிறேன், தலை குனிந்திருக்கிறது, என் வாயிலிருந்து ஒரு பேச்சுக் குமிழ் வருகிறது, அதற்குள் ஒன்றும் இல்லை. சுத்த வெள்ளை. அச்சுக்காரன் எழுத்தை விட்டுவிட்டான் என்று நினைத்தேன் பாப்பா. சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். பாவம் பிள்ளை, இவ்வளவு உழைத்து இந்த ஒரு இடத்தில் தவறிவிட்டதே, போனில் சொன்னால் மனசு கஷ்டப்படும் என்று, அப்பாவின் நீலப் பேனாவை வாங்கி வீட்டுப் பிரதியில் நானே என் வார்த்தைகளை அந்தக் குமிழுக்குள் எழுதினேன். இடம் போதாமல் வாட்ச் என்பது கோட்டுக்கு வெளியே போய்விட்டது. அடுத்த பக்கத்தில் பக்கம் முழுக்க இரண்டு கை. என் கை. கட்டைவிரலுக்குக் கீழே ரோலர் சுட்ட தழும்பு கூட இருந்தது. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் கையைத்தான் பார்த்தேன், அந்தக் கை என்ன செய்கிறது என்று பார்க்கவில்லை. கட்டுக்கம்பி கட்டிக்கொண்டிருக்கிறது.

இதில் என் முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன், மறைக்க என்ன இருக்கிறது. ஒரு பிரதியை நெட்டைக்குக் கொடுத்தேன், ஒன்றை அப்பா வேன் பட்டறைக்குக் கொண்டுபோனார், நான்காவதை நானே என் பையில் வைத்து எடுத்துப்போய்க் கடிகாரத்தின் கையில் கொடுத்தேன். என் மகள் போட்டது என்று. உங்களையும் போட்டிருக்கிறாள் பாருங்கள் என்று. பெருமை பாப்பா, பெருமை வந்தால் அறிவு நின்று யோசிப்பதில்லை. அந்த ஆள் தன் மூக்கு நிஜத்தைவிடச் சின்னதாக இருப்பதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். “பொண்ணு பெரிய ஆளா வருவா, அடுத்த தடவ வந்தா இதுல கையெழுத்து வாங்கணும்” என்றார். மேஜை இழுப்பறைக்குள் பத்திரமாக வைத்தார். எவ்வளவு பத்திரமாக என்பது வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது.

தொழிலாளர் அலுவலகத்தில் ஒரு சின்ன அறை. கண்ணாடி போட்ட மேஜை, தண்ணீர்க் கூஜா, ஒரு காலை ஆட்டி ஆட்டிக் கத்துகிற நாற்காலி, அதைத்தான் நெட்டைக்குக் கொடுத்தார்கள். விசாரிக்கிற அதிகாரி ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். கம்பெனி வக்கீல் நல்ல பையன் மாதிரிதான் இருந்தான், என்னை அம்மா அம்மா என்றுதான் கூப்பிட்டான். கம்பெனி சொல்வது இதுதான்: தடுப்புப் பட்டையைப் பற்றி ஒருவரும் ஒரு நாளும் புகார் சொன்னதில்லை, வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று பெண்களே கம்பி கட்டிக்கொண்டார்கள், ஆகவே கை போனது அவள் கவனக்குறைவு. நான் சொன்னேன், புகார் சொன்னேன், மெஷினையே நிறுத்தினேன் என்று. அன்று பார்த்த மற்றவர்கள் வேலை போய்விடும் என்று பயந்து சாட்சிக்கு வரவில்லை. அவன் பையைத் திறந்து உன் புத்தகத்தை எடுத்தான். “உங்க பொண்ணு ரொம்ப நல்லா வரையறாங்கம்மா, நான் ஒரே மூச்சுல படிச்சேன்” என்றான். முதல் பக்கத்தை அதிகாரிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினான், கண்ணால் கண்டவை என்று. பதினான்காம் பக்கத்தைத் திருப்பினான். “இதுல நீங்க ஒண்ணும் பேசலையேம்மா?” பதினைந்தைத் திருப்பினான். “இது யார் கைம்மா? கொஞ்சம் உங்க வலது கையக் காட்டுறீங்களா?”

காட்டினேன். தழும்பு இருந்த இடத்தில்தான் இருந்தது.

நான் விடவில்லை. என் பையிலும் புத்தகம் இருந்தது. எடுத்து விரித்து, இதோ நான் பேசியது என்று காட்டினேன். நீலப் பேனா. வக்கீல் சிரித்தான். குமாஸ்தாவும் சிரித்தான். அதிகாரி சிரிக்கவில்லை, என் கையெழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு இதை எடுத்துக்கொள்ள முடியாது என்று திருப்பித் தந்தாள்.

ஏன் இப்படிச் செய்தாய் என்று போனில் கேட்டேன். முதலில் நீ வார்த்தைகளை எழுதித்தான் இருந்தாய், உங்கள் வாத்தியார்தான் எடுக்கச் சொன்னார் என்றாய். மௌனம்தான் கனமாம். குமிழைக் காலியாக விட்டால் படிக்கிறவர் நிரப்பிக்கொள்வாராம். நானும் படிக்கிறவள்தானே, நான் நிரப்பினேன், செல்லாது என்று சொல்லிவிட்டார்களே! உங்கள் வாத்தியாரை நான் பார்த்ததில்லை, ஆனால் அந்த மாதிரி ஆட்களைத் தெரியும். அவர்களுக்கு எங்களைப் பிடிக்கும், ரொம்பப் பிடிக்கும், நாங்கள் குனிந்து நிற்கும்வரைக்கும். நீராவியும் வேண்டும், வெந்த கையும் வேண்டும், முகத்தில் சோகமும் வேண்டும். அந்த முகம் வாயைத் திறந்து மெஷினை நிறுத்து என்று சொன்னால் மட்டும் படம் கெட்டுவிடும். முப்பது வருஷமாக எங்கள் வாயை மூடப் பார்க்கிற முதலாளிக்கு முடியாததை உங்கள் வாத்தியார் ஒரு ரப்பரால் செய்துவிட்டார். அந்தப் புத்தகத்துக்கு உனக்குப் பரிசு வேறு கொடுத்தார்கள்.

அந்தக் கைக்கு நீ சொன்ன காரணம் இதைவிட மோசம். “கடிகாரத்தோட கையை நான் வரைஞ்சு பழகலம்மா, உன் கைதான் எங்கிட்ட முப்பது படம் இருந்துச்சு, கைதான் வரையறதுலயே கஷ்டம்” என்றாய். நன்றாக வரும் என்று என் கையைப் போட்டாய். அவன் செய்ததை என் கை செய்ததாகப் போட்டாய். கஷ்டமான பாடத்தைத் தவிர்த்துத் தெரிந்த பாடத்தை எழுதிவிட்டு வருகிற சின்ன வகுப்புப் பிள்ளைகூட அடுத்தவள் பெயரைத் தாளில் எழுதாது அடி! ஒரு தடவை, ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில் இருக்கும் வெள்ளைக் கோட்டில்தான் கதையே நடக்கிறது என்று எனக்கு விளக்கினாய், எனக்கு அது பிடித்திருந்தது, நெட்டையிடம் கூடச் சொன்னேன். அவள் கை போனது அந்த வெள்ளைக் கோட்டில் இல்லை. செவ்வாய்க்கிழமை, டீ இடைவேளைக்குப் பத்து நிமிஷம் முன்னால், ரோலருக்கும் அதன் மெத்தைக்கும் நடுவில். நான்தான் பக்கத்தில் நின்றேன். விரிப்பு சுருண்டது, அவள் நீவிவிடக் கை வைத்தாள், பட்டை அசையவில்லை. அவள் கத்தவே இல்லை, என் பெயரை ஒரு தடவை சொன்னாள், அவ்வளவுதான். நான் ஓடிப்போய் ஸ்விட்சை அணைக்க எத்தனை அடி எடுத்துவைத்தேன் என்று எனக்கு இன்னும் தெரியும், ஆறு. அன்று சாயங்காலத்துக்குள் கம்பியை அவிழ்த்து எங்கேயோ எறிந்துவிட்டார்கள்.

இப்போது போனில் சொல்லாத மீதி. நீலப் பேனாப் புத்தகத்தைத் திருப்பித் தந்த பிறகு அந்த அதிகாரி அம்மாள் என்னைப் பார்த்து, மரியாதையாகத்தான், ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “அப்போ உங்க மகள் வரைஞ்சது உண்மை இல்லன்னு பதிவு செஞ்சுக்கவா?” ஆமாம் என்று ஒரு சொல் போதும். குமாஸ்தா பேனாவைத் தாளின்மேல் வைத்துக் காத்திருந்தான். அந்தத் தாளில் என் மகள் பொய்க்காரி என்று அரசாங்க முத்திரையோடு ஏறும், உன் கல்லூரி, உன் பரிசு, பெரிய புத்தகமாகப் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிற அந்தப் பதிப்பகம், எல்லாம் கண்முன்னால் வந்தது. நான் பேசவில்லை பாப்பா. தலையைக் குனிந்துகொண்டேன். நீ வரைந்தபடியே, கழுத்து வளைவு கூட மாறாமல், குனிந்து நின்றேன். வக்கீல் புத்தகத்தை மூடினான். அடுத்த அமர்வு இருபத்திரண்டாம் தேதி என்றார்கள். வெளியே வந்ததும் நெட்டை, கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, “பதினோரு வருஷமா பக்கத்துல நிக்கிறேன், ஒனக்கு வாய் இல்லாம இன்னிக்குத்தான்டி பாத்தேன்” என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சும்மா சொன்னாள். பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர இடத்தை விட்டுக்கொடுத்தாள் வேறு.

அன்று சாயங்காலம்தான் உனக்குப் போன் செய்தேன். நோட்டை அனுப்பு, நான் மாற்றி வரைந்தேன் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடு என்று கேட்டேன். “முதல் பக்கத்துல நானே உண்மைன்னு எழுதியிருக்கேன், இப்ப மாத்திச் சொன்னா யார் என்னை நம்புவாங்க, கொஞ்சம் யோசிக்கணும்மா” என்றாய். யோசி. ஆனால் யாருக்காக யோசிக்கிறாய் என்று தெரிந்து யோசி. நெட்டையின் கவனக்குறைவு என்று எழுதிவிட்டால் அவளுக்கு வைத்தியமும் இல்லை, வேலையும் இல்லை. இடது கையால் அவள் என்ன செய்வாள்? கம்பி கட்டியது நான் என்று எழுதிவிட்டால் அவள் விரலை எடுத்தவள் நான். அந்தப் பெயரோடு நான் எந்த மெஷின் முன்னால் போய் நிற்பேன்? உன் பதிப்பகத்துக்காரர் ஒரு வருஷம் காத்திருப்பார், காத்திருக்காவிட்டால் வேறொருவர் வருவார். நீ வரைவதை விட்டுவிடு என்று நான் ஒரு நாளும் சொல்லமாட்டேன். வரை. கடிகாரத்தின் கையை வரையக் கற்றுக்கொள், முப்பது தடவை போடு, வரவில்லை என்றால் அறுபது தடவை போடு. அதற்குத்தானே கல்லூரி?

அப்பா உன் பக்கம்தான், உனக்குத் தெரிந்ததுதான். சின்னப் பிள்ளை, தெரியாமல் செய்துவிட்டாள், இவ்வளவு கடுமையாக எழுதாதே என்று பின்னால் நின்று எட்டிப் பார்க்கிறார். இருபத்து மூன்று வயது சின்னப் பிள்ளையா? அந்த வயதில் நான் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு துணி மடித்தேன். அவர் இப்போது சமையலறைக்குப் போய்விட்டார், பாத்திரத்தைச் சத்தமாக வைப்பதிலிருந்து கோபம் என்று தெரிகிறது.

ஒன்று மட்டும் முடிவாகச் சொல்கிறேன். இருபத்திரண்டாம் தேதி காலை பத்து மணிக்கு அந்த அதிகாரி அதே கேள்வியைக் கேட்பாள். நான் ஆமாம் என்று சொல்லப்போகிறேன். என் மகள் பார்த்தது ஒன்று, வரைந்தது ஒன்று என்று, உன் பெயரையும் கல்லூரியின் பெயரையும் சொல்லி, குமாஸ்தா எழுதி முடிக்கும்வரைக்கும் நின்று சொல்வேன். அதற்குள் உன் நோட்டும் உன் தாளும் வந்துவிட்டால், தான் செய்த தப்பைத் தானே திருத்தினாள் என்று அந்தத் தாளில் ஏறும். வராவிட்டால் பெற்ற தாயே சொன்னாள் என்று ஏறும். இரண்டில் எது வேண்டும் என்று நீதான் முடிவு செய்ய வேண்டும், அதற்குத்தான் உனக்கு முன்கூட்டி எழுதுகிறேன். மூன்றாவது ஒன்று இல்லை. இன்னொரு தடவை நான் குனியமாட்டேன், உனக்காகவும் குனியமாட்டேன்.

குனிந்து குனிந்து வரையாதே, முதுகு போய்விடும். மையும் சாயமும் வைத்திருக்கிற அறையில் ஜன்னலைத் திறந்து வை. மணிக்கட்டு வலிக்கிறது என்றாயே, வெந்நீர் ஒத்தடம் கொடு, வலியோடு வேலை செய்யாதே. வேளைக்குச் சாப்பிடு. கோபத்தில் சாப்பிடாமல் கிடப்பாய், என் பிள்ளைதானே, அதனால் முதலில் சாப்பிட்டுவிட்டு அப்புறம் எனக்குப் பதில் எழுது. நீ நன்றாக இரு. உன் பத்து விரலும் நன்றாக இருக்கட்டும்.

நோட்டைப் படம் பிடித்துப் போனில் அனுப்பாதே, போனில் எதை வேண்டுமானாலும் மாற்றலாம் என்று அந்த வக்கீல் இப்போதே சொல்லி வைத்திருக்கிறான். கறுப்பு அட்டை நோட்டு, முழுதாக, ஒரு தாளும் கிழிக்காமல், பதிவுத் தபாலில், என் பெயருக்கு.

இப்படிக்கு,
உன் அம்மா